‘வந்துட்டே இருக்கேன்’ என்றது கணினி

உங்கள் கணினியில் இப்போது பச்சை டிக் போடுகிற மென்பொருள் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் வட்டம் சுற்றும். சுற்றி முடித்ததும் ‘எல்லாம் நலம்’ என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மைதான் ஞாபகம் வரும். வருகிறவன் சம்பந்தியா, செருப்பு எடுக்க வந்தவனா என்று அதற்குத் தெரியாது. எல்லார் மேலும் தெளிக்கும்.

என் காலத்தில் கறுப்புத் திரையும் நாலைந்து கட்டளைகளும்தான். முதல் கட்டளை பிங். அதில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. தெருவில் நின்றுகொண்டு, “ஏங்க, உள்ள ஆள் இருக்கா?” என்று கூப்பிடுவோமே, அதேதான். ஒரு கணினி இன்னொரு கணினியை நாலு தடவை கூப்பிடும். எத்தனை பதில் வந்தது, எத்தனை தொலைந்தது என்று கடைசியில் சொல்லும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது, பதில் வந்த பிறகும் ஆள் வராமல் போன கதை.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கணினி வலையைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. முதுகு ஒத்துழைத்தவரை பைக்கில் அலைந்தேன். அது முடியாது என்ற அன்று வேலையை விட்டேன். தலையில் இன்னும் கறுப்பு மிச்சமிருக்கும்போதே ஓய்வுபெற்றவன் ஆனதால், பஸ்ஸில் எனக்கு யாரும் எழுந்து இடம் தருவதில்லை. அது கிடக்கட்டும்.

நான் இன்னும் வேலையில் இருந்த காலம். அன்றைக்கு விஜயதசமி. தலையில் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டோடு, வெந்நீர் காயக் காத்திருந்தேன். போன் அடித்தது. அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் எடை மேடை பார்க்கும் செல்வராணி.

“சார், எடை காட்டுது. சீட்டு வர மாட்டேங்குது. கேட்டு தொறக்கல. லாரி பூரா நிக்குது சார்.”

அந்தக் குவாரி ஏற்பாடு எளிமையானது. கல் ஏற்றிய லாரி மேடையில் ஏறும். எடை, செல்வராணியின் கணினியில் விழும். அங்கிருந்து கம்பி வழியாக, எதிரே இருக்கும் ஆபீஸ் கட்டடத்துப் பெரிய கணினிக்குப் போகும். அது ‘சரி’ என்றால்தான் சீட்டு அச்சாகும், கேட்டின் தடுப்புக் கட்டை மேலே தூக்கும். பெரிய கணினி வாயைத் திறக்கவில்லையென்றால் கல்லோடு லாரி, லாரியோடு மனுசன், எல்லாம் உள்ளேதான்.

“வந்துட்டே இருக்கேம்மா,” என்றேன். எண்ணெய் காதோரம் வழிந்தது. “அதுக்குள்ள ஒண்ணு பண்ணு. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பிங் போட்டு, வர்றத அப்படியே படி.”

தட்டுகிற சத்தம் கேட்டது. “ரிப்ளை ஃப்ரம்னு வருது சார். ரெண்டாவதும் ரிப்ளை ஃப்ரம். நாலும் வந்துருச்சு சார். கீழ லாஸ் ஜீரோன்னு போட்டிருக்கு.”

நாலு கூப்பிட்டு நாலு பதில். ஒன்றும் தொலையவில்லை. எனக்கு நிம்மதி. வலையில் கோளாறு கிடையாது, மென்பொருள்தான் மக்கர் செய்கிறது என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். மென்பொருள்காரரைக் கூப்பிடச் சொன்னேன். வெந்நீரில் நிதானமாகக் குளித்தேன். தலைக்குச் சாம்பிராணி காட்டாததுதான் குறை.

பைக்கை எடுத்துக்கொண்டு பெரம்பலூரை விட்டு வெளியே வந்தால் ரோடெங்கும் முந்தின நாள் பூஜையின் மிச்சம். திருஷ்டிப் பூசணிகள் சிதறி, சிவப்பும் மஞ்சளுமாக, சூரியன் கை தவறிக் கீழே போட்ட சாப்பாடு போலக் கிடந்தன. எதிரே வந்த லாரிகள் நெற்றியில் பட்டை அடித்து, மூக்கில் வாழைக்கன்று கட்டி, குளித்த யானைகளைப் போல அசைந்து வந்தன. பூசணி விதையில் முன்சக்கரம் வழுக்கி, விழ இருந்து விழாமல் பிழைத்தேன். அரியலூர் நெருங்க நெருங்க வேப்பமரங்கள் வெளுத்தன. அந்தப் பக்கத்துத் தூசி அப்படி. இலையைப் பார்த்து ஊரைச் சொல்லலாம்.

குவாரி வாசலை அடையும் முன்பே ஹாரன் சத்தம் என்னை அடைந்துவிட்டது. உள்ளே வரிசை வளைந்து குழி வரைக்கும் இறங்கியிருந்தது. வரிசையின் தலையில், எடை மேடை மேலேயே, ஒரு லாரி. அதன் ஓட்டுநர் இருக்கையில் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, சந்தனப் பொட்டோடு ஓர் ஆள். பக்கத்து இருக்கையில் ஒரு தாம்பாளம், தேங்காய், பழம், வெற்றிலை. கண்ணாடி ஓரத்தில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப் பந்து. நான் ஒரு நிமிஷம் எடை மேடையைப் பார்க்கவில்லை. அந்த மல்லிகையையே பார்த்தேன். அந்த வெள்ளைத் தூசி உலகத்தில் தூசி இல்லாத வெள்ளை அது ஒன்றுதான்.

அந்த ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டே இருக்கேங்க மாமா. கீழப்பழுவூர் தாண்டிட்டேன்.”

பின்னால் இருபது ஹாரன் ஒன்றாக அலறியது. “டிராபிக்குங்க மாமா,” என்று சொல்லி வைத்தார்.

செல்வராணி எடை அறை ஜன்னலிலிருந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். “மணிவேல் அண்ணன் சார். இன்னிக்கு பொண்ணுக்குப் பூ வைக்கப் போறாங்க. திருமழபாடி பொண்ணு. பூச போட்ட வண்டி மறுநாள் ஒரு நடையாவது ஓடணும்னு ஓனர் ஏத்தி வுட்டுட்டாரு. வெளிய மாத்து டிரைவர் பைக்கோட நிக்கிறாரு. கேட்டத் தாண்டிட்டா அவருகிட்ட வண்டியக் குடுத்துட்டு பைக்குல பறந்துருவாங்க. உள்ள ஆள் மாறக் கூடாதுன்னு இங்க சட்டம்.”

“லேட்டானா என்ன? சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?”

“அதான் சார் வம்பே. பொண்ணோட தாய்மாமன் மொதல்லேர்ந்தே வேணாங்கிறாரு. ‘லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு வருவானா, அவன நம்பிப் பொண்ணக் குடுப்பியா’ன்னு. இன்னிக்கு அண்ணன் போவலன்னா அவரு சொன்னது சரியாப் போயிடும். இந்த எடமும் தட்டிப் போயிடும்.”

இதைக் கேட்டுக்கொண்டே மணிவேல் தலையை வெளியே நீட்டினார். “நந்தி கல்யாணம் பாத்தா முந்திக் கல்யாணம்பாங்க சார். திருமழபாடியில வருஷா வருஷம் போயி மொத வரிசையில நின்னு பாத்தேன். நந்திக்குத்தான் வருஷா வருஷம் ஆவுது. எனக்கு ஆவல. கொஞ்சம் பாருங்க சார்.”

பதற்றத்தில் முதலில் ஒன்றைச் செய்ய வேண்டும், கேளுங்கள். அதுவரை அடுத்தவர் வாயால் கேட்டதை ஒருமுறை நம் கண்ணால் பார்க்க வேண்டும். நான் எடை அறைக்குள் போய் அதே பிங்கை மறுபடி போட்டேன்.

ரிப்ளை ஃப்ரம் என்று வந்தது. செல்வராணி படித்தது பொய்யில்லை. ஆனால் வரி அங்கே முடியவில்லை. பதில் சொன்ன கணினியின் எண்ணும், அதற்கு அப்பால், ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்பதும் இருந்தன. தேடிய ஆளைப் போய்ச் சேர முடியவில்லை என்று அர்த்தம்.

“இத ஏம்மா படிக்கல?”

“நாலு தடவையும் ஒரே மாதிரி வந்துச்சு சார். லாஸ் ஜீரோன்னு வந்ததும் சந்தோசத்துல வுட்டுட்டேன்.”

சேர முடியவில்லை என்று பதில் சொல்வது யார்? அந்த எண் யாருடையது? ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் அதன் எண்ணை எழுதி ஒட்டி வைப்பது என் வழக்கம். இந்தக் கணினியின் நெற்றியில் எண்ணின் வாலை மறைத்து, வட்டமாக, ஈரம் காய்ந்த சந்தனமும் அதன் நடுவே குங்குமமும். ஆயுத பூஜை. நகத்தால் சுரண்டினேன். திரையில் பதில் சொன்ன எண்ணும் நெற்றியில் இருந்த எண்ணும் ஒன்று.

செல்வராணியின் கணினி ஆபீஸ் கணினியைத் தேடிப் போனது, வழி கிடைக்காமல் திரும்பி வந்து, தனக்குத் தானே, “அங்க போவ முடியலப்பா” என்று பதில் சொன்னது. நாலு தடவை கூப்பிட்டு நாலு தடவையும் தானே பதில் சொல்லிக்கொண்டது. ஒரு பதிலும் தொலையவில்லை. எப்படித் தொலையும்? வாய்க்கும் காதுக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே மணிவேலின் போன் மறுபடி அடித்தது.

“இந்தா மாமா, திருமானூர் வந்துட்டேன்.”

நான் திரையைப் பார்த்தேன். மணிவேலைப் பார்த்தேன். லாரி ஒரு அங்குலம் நகரவில்லை. பதில் மட்டும் ஊர் ஊராகப் போய்க் கொள்ளிடக் கரையை நெருங்கிவிட்டது. இரண்டும் ஒரே பதில். ரிப்ளை ஃப்ரம் எடை மேடை.

போனில் தாய்மாமன் குரல் எங்களுக்கே கேட்டது. “திருமானூரா? நல்லதாப் போச்சு. நானும் பழம் வாங்க திருமானூர்தான் வந்தேன். எங்க நிக்கிற? கைய ஆட்டு.”

மணிவேல் போனை அணைத்தார். அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பாம்பைக் கையில் பிடித்தவர் விடவும் முடியாமல் பார்ப்பது போல. “சிக்னல் போயிடுச்சு சார்,” என்று என்னிடம் சொன்னார். பாவம், என்னிடம் சொல்ல வேண்டியதே இல்லை.

நான் ஆபீஸ் கட்டடத்துக்கு ஓடினேன். அன்று ஆபீசுக்கு லீவு. சாவி காவலாளி கொளஞ்சியிடம். திறந்தோம். பக்கத்து அறையில் பெரிய கணினி நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த கம்பியும் எடை மேடையிலிருந்து வந்த கம்பியும் சுவரோரம் அந்தரத்தில் தொங்கின, கை கொடுக்க நீட்டியும் ஆளைக் காணாத இரண்டு கைகளைப் போல. இரண்டையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியைக் காணோம்.

கொளஞ்சி சுவரைப் பார்த்தார். கையிலிருந்த தடி கீழே விழுந்தது. “திருட்டு! ஐயோ சார், நேத்து ராத்திரி பூரா முழிச்சிருந்தேன் சார். எம் பொழப்பு போச்சே!”

“முழிச்சிருந்தீங்களா?”

“முழிச்சிட்டேதான் சார் இருந்தேன்,” என்றார். அவருடைய பதிலும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை நோண்டவில்லை. வெளியே ஹாரன். போலீசைக் கூப்பிடுகிறேன் என்று அவர் போனை எடுத்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பெரிய கணினியை விட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பா அளவுள்ள பெட்டியைத் திருடுகிற திருடன் நம் மாவட்டத்தில் பிறக்கவில்லை. அப்போதுதான் மூக்கு உதவிக்கு வந்தது. ஊதுவத்தி வாசனை.

“கொளஞ்சி, நேத்து பூசை எங்க போட்டாங்க?”

மேனேஜர் அறை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரி, கடலை, சுண்டல். கணக்குப் புத்தகங்கள், கால்குலேட்டர், சாவிக்கொத்து, ஸ்டேப்ளர். எல்லாவற்றுக்கும் நடுவே, தனி மணையில், தனி மாலையோடு, மூன்று பட்டை விபூதியும் பொட்டுமாக எங்கள் ஸ்விட்ச் பெட்டி. லிங்கத்துக்குக்கூட அவ்வளவு அழகாகப் பட்டை விழாது.

“அட, இதுவா சார்!” கொளஞ்சிக்கு உயிர் வந்தது. “கணக்குப் பாக்குற அம்மாதான் எடுத்து வச்சாங்க. எல்லா கம்ப்யூட்டரையும் சேத்து வைக்கிறதே இதுதான், மொத மரியாத இதுக்குத்தான்னு சொன்னாங்க.”

உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த அம்மாவின் மேல் கோபமே வரவில்லை. அத்தனை வருஷ வேலையில் அந்தப் பெட்டிக்கு ஒரு மரியாதை கிடைத்ததை அன்றுதான் பார்த்தேன். கையை நீட்டினேன். கொளஞ்சி குறுக்கே வந்து நின்றார்.

“எடுக்கக் கூடாது சார். மறுபூச போடாம பூசையில வச்சத எடுத்தா சாமி குத்தம். மேனேஜர் சார் வந்து தேங்கா ஒடைக்கணும்.”

“அங்க ஒருத்தன் கல்யாணமே ஒடையப் போவுதுய்யா.”

“அவரு கல்யாணம் போனா அவருக்குத்தான் நட்டம். சாமி குத்தம்னா குவாரிக்கே சார். போன வருசம் பூசைக்கி எலுமிச்சம் பழத்துல ஏறாத வண்டி எங்க கெடக்கு தெரியுமா? குழியில.”

இந்த இடத்தில் அவரைத் தள்ளிவிட்டுப் பெட்டியை எடுத்திருக்கலாம். உங்களில் பலர் எடுத்திருப்பீர்கள். ஆனால் நான் கிளம்பிப் போன பிறகும் அந்தப் பெட்டிக்குக் காவல் அவர்தான். அடுத்த கோளாறுக்கெல்லாம் அவர் என்னைத்தான் கை காட்டுவார், சாமியையும் சேர்த்துக்கொண்டு. மேனேஜருக்கே போன் போட்டேன்.

“வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்,” என்றார். “நான் வந்து தேங்கா ஒடச்சிடுறேன். யாரும் தொட வேணாம்.”

காலையில் என்றால் நம்பியிருப்பேன். ஆனால் அன்று மதியத்துக்குள் நான் வேறு ஆள் ஆகியிருந்தேன். பதிலை விட்டுவிட்டு, பதிலுக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று காதை வைத்தேன். ஒரு குழந்தை கத்தியது. “அப்பா, பெரிய நந்திகிட்ட நின்னு ஒரு போட்டோப்பா!”

கங்கைகொண்ட சோழபுரம். அந்த நந்தி எழுந்து நடந்து வந்தாலும் வரும், மேனேஜர் வர மாட்டார்.

“சார்,” என்றேன் பணிவாக, “பெரிய நந்தி கிட்டேர்ந்து கெளம்பி இங்க வர எவ்வளவு நேரமாவுங்க?”

குழந்தையின் சத்தம் தள்ளிப் போனது. பிறகு குரல் இறங்கி வந்தது. “சரி சரி. குளிச்சு சுத்தமா இருக்கிறவங்க யாராச்சும் ஒடச்சுட்டு எடுத்துக்குங்க. வூட்ல சொல்லிடாதீங்க, ஆபீசுக்கு லீவே கெடையாதுன்னு போன வாரந்தான் சொல்லி வச்சிருக்கேன்.” எந்த வீட்டில் யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. ஆராயவும் இல்லை.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கொளஞ்சி திருப்தியானார். “உத்தரவு கெடச்சுருச்சு. ஆனா குளிச்ச ஆளு?” தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளைத் தூசி. நான் குளித்தவன்தான், ஆனால் பைக்கில் வந்த தூசியில் விபூதி மடத்துச் சாமியார் மாதிரி இருந்தேன். அந்தக் குவாரி முழுக்கச் சுத்தமாக இருந்தது ஒரே ஓர் ஆள்.

மணிவேல் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே தாம்பாளத்தோடு செல்வராணி. தேங்காயைக் கையில் எடுத்தவர் தயங்கினார்.

“பொண்ணு வூட்டுக்குப் போற தேங்கா சார் இது.”

“பொண்ணு வூட்டுக்குப் போவணும்னாதாண்ணே இத ஒடைக்கணும்,” என்றாள் செல்வராணி. “அங்க போறதுக்கு வழியில வேற வாங்கிக்கலாம். அப்பவாச்சும் நெஜமாவே திருமானூர்ல நிப்பீங்கல்ல.”

அவர் அவளை முறைத்தார். சரஸ்வதியைப் பார்த்தார். கண்ணை மூடி ஓங்கி அடித்தார். தேங்காய் நடுவே இரண்டாகப் பிளந்து, இரண்டு வெள்ளைக் கண்ணாகத் திறந்தது. கொளஞ்சி கற்பூரம் காட்டினார். ஸ்விட்ச் பெட்டிக்கும் ஒரு சுற்று காட்டினார். எல்லாரும் கும்பிட்டோம். நானும் கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன்.

கம்பி நுழையும் துளைகளில் அடைந்திருந்த சந்தனத்தைத் துடைத்து, மாலையைக் கழற்றி, பெட்டியைச் சுவரோரம் கொண்டுபோய்க் கம்பிகளை மாட்டினேன். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின. ஒரு விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. துடைத்தேன். குங்குமம். அடியில் பச்சை.

அதற்குள் எடை அறைக்கு ஓடிவிட்டிருந்த செல்வராணி அங்கிருந்து கத்தினாள். “சார், பதில் வருது!”

“எங்கேர்ந்து?” என்று நானும் கத்தினேன்.

“ஆபீஸ் நம்பர் சார்! ஆபீஸ் நம்பரே!”

சீட்டு அச்சாகிற சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. எனக்குக் கேட்டது. தடுப்புக் கட்டை எழுந்தது. குழி வரைக்கும் நின்ற லாரிகள் ஒன்றாக ஹாரன் அடித்தன, இந்த முறை நாதஸ்வரம் மாதிரி.

மணிவேல் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. தாய்மாமன். மணிவேலின் கை ஸ்டீயரிங்கிலிருந்து போனுக்குப் போகவில்லை. கட்டடத்திலிருந்து ஓடி வந்த என்னை ஜன்னல் வழியே பார்த்தார்.

“என்ன சார் சொல்லட்டும்? திருமானூர்ல பஞ்சர்னு சொல்லவா?”

“அவரு திருமானூர்ல நின்னு தேடிட்டிருக்காரு. நீங்க அங்க இல்லன்னு அவருக்குத் தெரியும். எங்க இருக்கீங்களோ அங்கேர்ந்து பதில் சொல்லுங்க.”

அவர் மல்லிகைப் பந்தைப் பார்த்தார். வாழையிலை ஓரத்தில் பழுப்பு ஏற ஆரம்பித்திருந்தது. போனை எடுத்தார்.

“மாமா, நான் கீழப்பழுவூரும் தாண்டல, திருமானூரும் வரல. காலையிலேர்ந்து அரியலூர் எடை மேடையிலயேதான் நிக்கிறேன். கம்ப்யூட்டரு கெட்டுப் போச்சு. இப்பதான் கேட்டு தொறக்குது. பூ கொஞ்சம் வாடிருச்சு. தேங்காயும் ஒடச்சுட்டேன்.”

பின்னால் நின்ற லாரிக்காரர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அரியலூர்ல நிக்கிறவன், அரியலூர்ல நிக்கிறேன்னு சொல்றதுக்கு இம்மா நேரமாடா?” என்றது குரல். “ஒரு மணி நேரமா திருமானூர்ல ஒவ்வொரு லாரியாப் போயி எட்டிப் பாக்குறேன். டீக்கடக்காரன் என்னயப் போலீசுன்னு நெனச்சு டீக்குக் காசு வாங்க மாட்டேங்குறான்.” ஒரு பெருமூச்சு. “சரி, வா. இந்த நல்ல நேரம் போனா அடுத்த நல்ல நேரம் வரும். பூவும் தேங்காயும் இங்கயே வாங்கி வச்சிடுறேன். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு மாப்ள. லாரியில கல்ல மட்டும் ஏத்து, பொய்ய ஏத்தாத.”

‘மாப்ள’ என்ற சொல் விழுந்ததும் மணிவேல் வண்டியைக் கிளப்பினார். கிளப்பிய வேகத்தில் எடை மேடையே ஆடியது.

தைமாதம் திருமழபாடியில் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்தது. முகூர்த்தத்தன்று காலை, தலையில் எண்ணெய், இடுப்பில் துண்டு, வெந்நீர் காயக் காத்திருந்தேன். போன் அடித்தது. மாப்பிள்ளையே பேசினார். பின்னால் மேளச் சத்தம்.

“சார், தாலி கட்டப் போறேன். எங்க சார் இருக்கீங்க?”

“வந்துட்டே இருக்கேன் மணிவேல். கீழப்பழுவூர் தாண்டிட்டேன்.”

மேளம் ஓய்ந்த ஒரு கணத்தில் அவர் சிரிப்பது கேட்டது.

“நம்பரப் படிங்க சார்,” என்றார். “எந்த நம்பர்லேர்ந்து பதில் வருது?”